மர ஆப்பு அறுத்தல்

மர ஆப்பு என்பது ஒரு முனையில் தடித்தும் மறுமுனை நோக்கிச் சீராக மெலிந்தும் செல்லும் சிறு மரத்துண்டு ஆகும். தச்சு வேலையில் இணைப்புகளை இறுக்குவதற்கும், சுத்தியல், கோடரி முதலிய கருவிகளின் தலையைக் கைப்பிடியுடன் பிணைப்பதற்கும், கதவு நிலைகளை மட்டம் பார்த்து நிறுத்துவதற்கும் ஆப்புகள் பயன்படுகின்றன. இக்கட்டுரை மின்னோடியால் இயங்கும் மேசை ரம்பத்தில் மெல்லிய ஆப்புகளை அறுக்கும் முறைகளையும், அவ்வேலையில் உள்ள இடர்களையும் விளக்குகின்றது. பெரிய பலகையொன்றை அறுப்பதைக் காட்டிலும் விரல் அளவேயான இச்சிறு துண்டை அறுப்பதே கூடுதல் இடர் தருவது என்பது தொழில் பழகத் தொடங்குவோர் பலருக்கு வியப்பளிக்கக் கூடும். அதற்கான காரணம் ரம்பத்தின் கூர்மையில் மட்டும் இல்லை. துண்டின் வடிவத்திலும், அறுத்து முடிந்தபின் அது எங்கே நிற்கின்றது என்பதிலும் உள்ளது.

ஆப்பின் இயல்பு

ஆப்பு எளிய பொறிகளுள் ஒன்றாகும். பண்டைய அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஈரோன் குறிப்பிட்ட ஐந்து எளிய பொறிகளுள் நெம்புகோல், கப்பி, திருகு, சுழலுருளை ஆகியவற்றுடன் ஆப்பும் இடம்பெறுகின்றது. ஆப்பின் தடித்த முனையில் அடிக்கும்போது, நீளவாக்கில் செலுத்தப்படும் விசை பக்கவாட்டில் விரிக்கும் விசையாக மாறுகின்றது. உராய்வே இல்லை எனக் கொண்டால், 60 மி.மீ நீளத்தில் 6 மி.மீ தடிப்பு மாறும் ஆப்பு (அதாவது 1:10 சாய்வு உடையது) செலுத்திய விசையைப் போலப் பத்து மடங்கு விசையைப் பக்கவாட்டில் தர வேண்டும். உண்மையில் இவ்வாறு நிகழ்வதில்லை. மரத்தின் மீது மரம் தேயும்போது எழும் உராய்வு இந்த ஆதாயத்தின் பெரும்பகுதியை விழுங்கி விடுகின்றது. ஆயினும் அந்த உராய்வே ஆப்பு தானாகப் பின்வாங்காமல் நிலைத்து நிற்பதற்கும் காரணம். உராய்வு இல்லாத ஆப்பு அடித்த மறுகணமே வெளியே வந்துவிடும்.

காய்ந்த மரத்துக்கும் மரத்துக்கும் இடையேயான உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.25 முதல் 0.5 வரை இருக்கும். இதன்படி, 28 பாகைக்குக் குறைவான கோணம் உடைய ஆப்பு கோட்பாட்டளவில் தானே நிலைத்து நிற்கும். ஆனால் தச்சர்கள் அந்த எல்லையை நெருங்குவதே இல்லை. அதிர்வு, மழைக்காலத்தில் மரம் உப்புதல், கோடையில் சுருங்குதல் ஆகியன ஆப்பைத் தளர்த்தும். ஆகவே 1:6 முதல் 1:12 வரையான சாய்வுகளே, அதாவது சுமார் 9 முதல் 5 பாகை வரையான கோணங்களே, நடைமுறையில் மிகுதியாகக் கையாளப்படுகின்றன. இவ்வளவு சிறிய கோணத்தில், முனையில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பே உள்ள துண்டை ஒரே அளவில் பலமுறை அறுத்தெடுக்க வேண்டியிருப்பதால்தான் கைரம்பத்தை விட்டு மேசை ரம்பத்தை நாடுகின்றனர்.

ஆப்பில் மர இழைகள் கட்டாயமாக நீளவாக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கு இழையில் அறுத்த ஆப்பு முதல் அடியிலேயே ஒடிந்துவிடும். மூலப்பலகையை எந்தப் பக்கமாக வைத்து அறுப்பது என்பதை முடிவு செய்வதும் இவ்விதியே.

மேசை ரம்பம்

மேசை ரம்பம் என்பது தட்டையான மேசையின் நடுவில் உள்ள பிளவு வழியாக மேலெழும் வட்டவடிவ ரம்பத்தட்டைக் கொண்ட பொறியாகும். (இலங்கையில் ரம்பத்தை வாள் என்றும், அறுத்தலை அரிதல் என்றும் வழங்குவர்.) இதில் ரம்பம் ஓரிடத்தில் நிற்க, மரமே அதனை நோக்கித் தள்ளப்படுகின்றது. வட்டவடிவ ரம்பத்துக்கு இங்கிலாந்தில் 1777 ஆம் ஆண்டு சாமுவேல் மில்லர் என்பவர் காப்புரிமை பெற்றார்.

மரத்தை நேர்வழியில் செலுத்த இரண்டு துணைகள் உள்ளன. ரம்பத்தட்டுக்கு இணையாக, மேசையின் நீளம் முழுவதும் நிற்கும் வழிகாட்டிச் சட்டம் ஒன்று. மேசையில் வெட்டப்பட்ட காடியில் முன்னும் பின்னும் நகரும் கோண வழிகாட்டி மற்றொன்று. முன்னது பலகையை நெடுக்காகக் கிழிப்பதற்கும், பின்னது குறுக்காக வெட்டுவதற்கும் உரியன. இவ்விரண்டையும் ஒரே வெட்டில் ஒருசேரப் பயன்படுத்தக் கூடாது என்பது இப்பொறியைப் பற்றிய முதற்பாடம். ஆப்பு அறுப்போர் மிகுதியாக மீறுவதும் இதனையே.

பரவலாக உள்ள பொறிகளில் ரம்பத்தட்டின் விட்டம் 254 மி.மீ (10 அங்குலம்). அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,450 முதல் 4,000 முறை சுழலும். 4,000 சுற்றில் பல்லின் நுனி நொடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கி.மீ வேகத்தில் செல்கின்றது. 40 பற்கள் கொண்ட தட்டாயின் நொடிக்கு 2,600 க்கும் மேற்பட்ட பற்கள் ஒரு புள்ளியைக் கடக்கும். எதிர்பாராத ஒன்றைக் கண்டு மனிதர் கையை இழுத்துக்கொள்ள ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் 500 பற்கள் கடந்து விடுகின்றன. எனவே விழிப்புடன் இருந்து கையைக் காத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பொருளற்றது. கை அங்கே செல்லாத வகையில் வேலையை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது ஒன்றே வழி.

பின்னுதைப்பும் ஆப்பின் வடிவமும்

ரம்பத்தட்டின் முன்பகுதிப் பற்கள் மேலிருந்து கீழாக இறங்குவதால் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன, இது நன்மையே. பின்பகுதிப் பற்கள் மேசைக்கு அடியிலிருந்து மேலெழுந்து, பின்னர் வேலை செய்பவரை நோக்கி வருகின்றன. மரம் எக்காரணத்தாலாவது இப்பின்பற்களின் மீது சாய்ந்தால், அவை அதனைத் தூக்கி, தட்டின் உச்சிக்குக் கொண்டுவந்து, பற்களின் வேகத்திலேயே வேலை செய்பவரை நோக்கி எறிந்து விடுகின்றன. இது பின்னுதைப்பு எனப்படும். எறியப்படும் மரம் உடலில் படுவதனால் நேரும் காயம் ஒருபுறம் இருக்க, மரத்தைப் பிடித்திருந்த கை அதனுடன் இழுபட்டு ரம்பத்தில் விழுவதே இன்னும் கொடியது.

இனி ஆப்பை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் சிறு மரத்துண்டைக் கோண வழிகாட்டியில் சாய்வாக வைத்து, ஆப்புகள் எல்லாம் ஒரே அளவில் வரவேண்டும் என்பதற்காக அதன் முனையை வழிகாட்டிச் சட்டத்தில் முட்டுக் கொடுத்துத் தள்ளுகின்றார் எனக் கொள்வோம். வெட்டு முடியும் வரை ஒன்றும் நிகழாது. வெட்டு முடிந்த அக்கணத்தில் ஆப்பு மூலத்துண்டிலிருந்து விடுபடுகின்றது. ஒருபுறம் சுழலும் ரம்பத்தட்டு, மறுபுறம் அசையாத சட்டம். இடையில் எவராலும் பிடிக்கப்படாத ஒரு மெல்லிய துண்டு. அது சற்றுத் திரும்பினாலே போதும், அதன் மூலைவிட்ட அளவு இடைவெளியை விடப் பெரிதாகி இறுகிக்கொள்ளும். செவ்வகத் துண்டுக்கே இந்நிலை எனின், ஆப்புக்கு நிலைமை இன்னும் மோசம். இறுகுவதற்கென்றே அமைந்த வடிவம் அது. இணைப்பில் அதனைப் பயனுள்ளதாக்கும் அதே பண்பு, ரம்பத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அதனை எறிபொருள் ஆக்குகின்றது.

மற்றொரு சிக்கல் மெல்லிய முனையில் உள்ளது. மேசையின் நடுவே ரம்பத்தட்டு மேலெழும் இடத்தில் உள்ள வாய்த்தகட்டில், தட்டின் இருபுறமும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தடித்த முனை அந்த இடைவெளிக்குள் நழுவி, பற்களால் பிடிக்கப்பட்டு ஒடிகின்றது. அல்லது முழு ஆப்பையும் உள்ளே இழுக்கின்றது.

மூன்றாவது இடர் மனித இயல்பைச் சார்ந்தது. அறுபட்ட ஆப்பு ரம்பத்தட்டின் அருகிலேயே அதிர்ந்துகொண்டு கிடக்கும்போது அதனை விரலால் ஒதுக்கிவிடத் தோன்றும். பத்து ஆப்புகள் வரை தோன்றாத அந்த எண்ணம், முப்பதாவது ஆப்பில் வேலை சலிக்கும்போது தோன்றும்.

பிளவுத்தகடு

அறுபடும் மரம் சில வேளைகளில் தன்னுள் இருந்த இறுக்கம் தளர்வதால் வெட்டுத்தடத்தை மூடிக்கொண்டு ரம்பத்தட்டைக் கவ்வும். இதனைத் தடுக்க, தட்டுக்குச் சற்றுப் பின்னால் வெட்டுத்தடத்தின் உள்ளே நிற்கும் எஃகுத் தகடு ஒன்று பொருத்தப்படுகின்றது. ரம்பத்தட்டை ஏற்றி இறக்கும்போதும் சாய்க்கும்போதும் இத்தகடும் உடன் நகரும். ஐரோப்பியப் பொறிகளில் நெடுங்காலமாக உள்ள இவ்வமைப்பு, அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டளவில்தான் புதிய வடிவமைப்புகளுக்குத் தேவை என்றானது. மரம் பின்பற்களின் மீது சாயாமல் தடுப்பதால் பின்னுதைப்பு பெருமளவு குறைகின்றது.

வெட்டுத்தடத்தை விரித்து வைக்கும் வேலையைப் பழங்காலத்தில் ஆப்பே செய்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பஞ்சதந்திரத்தில் வரும் ஆப்பசைத்த குரங்கின் கதையைப் பலரும் அறிவர். தச்சர்கள் பாதி பிளந்த மரத்தின் நடுவே ஆப்பைச் செருகிவிட்டு உணவுண்ணச் செல்ல, அதன்மீது அமர்ந்த குரங்கு ஆப்பைப் பிடுங்கி, மூடிக்கொண்ட பிளவில் சிக்கி உயிர் இழக்கின்றது. தனக்குத் தொடர்பில்லாத வேலையில் தலையிடலாகாது என்பதற்காகச் சொல்லப்படும் கதை எனினும், பிளந்த மரம் எவ்வளவு விசையுடன் மீண்டும் மூடும் என்பதை அதை முதலில் சொன்னவர் அறிந்திருந்தார் என்றே தோன்றுகின்றது.

தமிழ்நாட்டின் சிறு பட்டறைகள் பலவற்றில், கையில் பிடித்து இயக்கும் வட்ட ரம்பத்தைக் கவிழ்த்து ஒரு மேசையின் அடியில் பொருத்தி மேசை ரம்பமாகப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. இவற்றில் பிளவுத்தகடோ, மேல்மூடியோ, நேரான காடியோ பெரும்பாலும் இருப்பதில்லை. கீழே விளக்கப்படும் முறைகள் இத்தகைய அமைப்புகளுக்குப் பொருந்தா. சறுக்குப்பலகையைச் செலுத்தும் காடி இல்லாத மேசையில் ஆப்பு அறுக்க முனையாமல் இருப்பதே நன்று.

மரமும் அளவுகளும்

ஆப்புக்கு நேரான இழையும், முடிச்சு இல்லாமையும், நன்கு காய்ந்த நிலையும் வேண்டும். வட அமெரிக்காவில் ஓக், மேப்பிள், இக்கரி முதலிய வன்மரங்களை நாடுவர். நம் நாட்டில் கருவிக் கைப்பிடிகளுக்கு உதவும் கருவேலம் ஆப்புக்கும் ஏற்றது. ஈரமான மரத்தில் அறுத்த ஆப்பு அடிக்கும்போது இறுக்கமாக இருந்தாலும் காய்ந்து சுருங்கியபின் ஆடத் தொடங்கும். கோடரித் தலை கழன்றால் அதனைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் பழக்கமும் இதே காரணத்தால் நிலையான பயன் தருவதில்லை. உப்பிய மரம் நசுங்கி, காய்ந்தபின் முன்னினும் சிறியதாகி விடுகின்றது.

எடுத்துக்காட்டாக, 60 மி.மீ நீளமும், தடித்த முனையில் 7 மி.மீ, மெல்லிய முனையில் 1 மி.மீ தடிப்பும் கொண்ட ஆப்பை எடுத்துக்கொள்வோம். சாய்வு 1:10, கோணம் 5.7 பாகை. இதற்கு 20 மி.மீ கனமும் 180 மி.மீ அகலமும் உள்ள பலகையிலிருந்து 60 மி.மீ நீளத் துண்டு ஒன்றைக் குறுக்காக வெட்டிக்கொள்ள வேண்டும். இதுவே மூலத்துண்டு. இதில் இழைகள் 60 மி.மீ நீளவாக்கில் ஓடுகின்றன. பலகையின் 20 மி.மீ கனம் ஆப்பின் அகலமாக அமையும். வேறு அகலம் வேண்டின் முதலிலேயே பலகையை அக்கனத்துக்கு இழைத்துக்கொள்ளலாம். ஆப்புகளை அறுத்தபின் அகலத்தைக் குறைக்க ரம்பத்துக்குக் கொண்டுசெல்லக் கூடாது.

ஒவ்வோர் ஆப்பின் சராசரித் தடிப்பு 4 மி.மீ; ரம்பத்தட்டின் வெட்டுத்தடம் 3.2 மி.மீ. ஆகவே ஓர் ஆப்புக்கு 7.2 மி.மீ மரம் செலவாகும். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் மரத்தூளாகவே போகின்றது. மூலத்துண்டு 60 மி.மீ அளவுக்குக் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும் எனக் கொண்டால், 180 மி.மீ துண்டிலிருந்து 16 ஆப்புகள் கிடைக்கும். எஞ்சிய துண்டிலும் சில ஆப்புகள் எடுக்கலாமே என்று தோன்றும். பிடிக்க இடமில்லாத அத்துண்டை அடுப்புக்கு அனுப்புவதே சிக்கனம்.

சறுக்குப்பலகை முறை

இடர் குறைந்ததும், ஆப்புகளை ஒரே சீராகத் தருவதும் இம்முறையே. சறுக்குப்பலகை என்பது மேசையின் காடிகளில் ஓடும் இரண்டு மரச்சட்டங்களின் மீது பொருத்தப்பட்ட ஒட்டுப்பலகை ஆகும். மூலத்துண்டு இப்பலகையின் மேல் அமர்ந்து, பலகையுடன் சேர்ந்தே ரம்பத்தைக் கடக்கின்றது. துண்டுக்கும் மேசைக்கும் இடையே தேய்வு இல்லை. ரம்பத்தட்டு தானே பலகையில் வெட்டிக்கொண்ட தடம் அதன் தடிப்புக்கு மிகாமல் இருப்பதால், ஆப்பின் மெல்லிய முனை நழுவி விழ இடைவெளியும் இல்லை. முன்னர் கூறிய மூன்று இடர்களுள் இரண்டு இந்த அமைப்பாலேயே நீங்கி விடுகின்றன.

சறுக்குப்பலகையின் மேல், மூலத்துண்டு சாய்ந்து நிற்பதற்கான தாங்குசட்டம் ஒன்றை, ரம்பத்தட்டுக்குச் சரியான செங்குத்தாக அன்றிச் சற்றுக் கோணலாகத் திருகாணி கொண்டு பொருத்த வேண்டும். எவ்வளவு கோணல் என்பதில் பலர் தவறுவர். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் துண்டைப் புரட்டப் போவதால், ஆப்பின் இரு பக்கங்களும் சாய்வைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். எனவே தாங்குசட்டத்தின் கோணல் ஆப்பின் கோணத்தில் பாதி மட்டுமே. மேற்கண்ட ஆப்புக்கு 1:20. கோண வழிகாட்டிகளில் பொறித்துள்ள பாகை அளவுகளை இவ்வளவு சிறு கோணத்துக்கு நம்ப இயலாது. 300 மி.மீ நீளத்துக்கு 15 மி.மீ விலக்கம் என்று அளவுகோலால் அளந்து பொருத்துவதே எளிது. இழை ஆப்பின் நட்டநடுவே ஓடுவது இம்முறையால் கிடைக்கும் மற்றொரு நன்மை.

மூலத்துண்டின் குறுக்கு விளிம்பைத் தாங்குசட்டத்தில் சேர்த்து, சட்டத்தில் பொருத்தப்பட்ட நெம்பு இறுக்கியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் வெட்டில் முனை சாய்வாகும். அப்போது விழும் துண்டு ஆப்பு அன்று. பின்னர் இறுக்கியைத் தளர்த்தி, துண்டை அதன் நெடிய அச்சில் புரட்ட வேண்டும். மேல்முகம் கீழாகும், தாங்குசட்டத்தைத் தொட்டிருந்த விளிம்பு எதிர்ப்பக்கம் செல்லும், ரம்பத்தை நோக்கியிருந்த முனை அதே பக்கமே இருக்கும். இதற்கு இரு விளிம்புகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது இன்றியமையாதது. இப்போது வெட்டினால் முதல் ஆப்பு கிடைக்கும். ஒவ்வொரு முறையும் இவ்வாறே புரட்டி வெட்ட வேண்டும். புரட்ட மறந்தால் அடுத்து வருவது ஆப்பாக இராது. இருபுறமும் ஒரே பக்கம் சாய்ந்த சீரான பட்டையாக இருக்கும்.

ஆப்பின் தடித்த முனை தாங்குசட்டத்தைத் தொட்டிருக்குமாறு கோணலின் திசையைத் தேர்ந்துகொள்வது நன்று. வெட்டு முடிந்து ஆப்பு விடுபடும் இடம் அதுவே. அகன்ற முனை சட்டத்தில் சமமாக அமர்வதால் ஆப்பு எளிதில் திரும்பாது.

தடிப்பை ஒரே அளவில் வைத்துக்கொள்ள, ஆப்பு விழும் பக்கத்தில் நிலையான முட்டுக்கட்டை வைக்கக் கூடாது. அவ்வாறு வைத்தால் சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் இடையே சிக்கும் பழைய நிலையையே மீண்டும் உண்டாக்கியது ஆகும். அதற்கு மாற்றாக அளவுக்கட்டை ஒன்றை வைத்து, துண்டை அதனோடு முட்டி, இறுக்கியால் அழுத்தியபின் கட்டையை எடுத்துவிட வேண்டும். சறுக்குப்பலகையில் பென்சிலால் ஒரு கோடு இட்டுக்கொண்டாலும் போதும். ஆப்பில் அரை மில்லிமீட்டர் வேறுபாடு பெரிதன்று, சற்று ஆழமாகவோ குறைவாகவோ இறங்கும், அவ்வளவே.

விடுபட்ட ஆப்பு ரம்பத்தின் பக்கம் திரும்பாதிருக்க, அதனைக் கையால் அன்றி, பின்முனையில் அழிப்பான் உள்ள நீண்ட பென்சிலால் மேலிருந்து மெல்ல அழுத்திக்கொள்ளும் தச்சர்கள் உள்ளனர். அழிப்பான் வழுக்காது, ரம்பத்தில் பட்டாலும் இழப்பு பென்சிலோடு போகும். வெட்டு முடிந்ததும் சறுக்குப்பலகையை முழுதும் முன்னே தள்ளிவிட்டு மின்சாரத்தை நிறுத்தி, தட்டு ஓய்ந்தபின் ஆப்பை எடுக்க வேண்டும். 16 ஆப்புகளுக்கு 16 முறை நிறுத்துவது சலிப்பூட்டும் வேலைதான். மேசை ரம்பத்தில் ஆப்பு அறுக்க ஆகும் நேரத்தை மதிப்பிடுவோர் இந்நேரத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இங்கு இன்னோர் இடத்தையும் கவனிக்க வேண்டும். வெட்டின் முடிவில் ரம்பத்தட்டு சறுக்குப்பலகையின் பின்சட்டத்தைத் துளைத்துக்கொண்டு வேலை செய்பவரின் பக்கம் வெளிப்படும். பின்சட்டத்தை இரு கட்டைவிரல்களாலும் தள்ளுவோரின் விரல் அங்கே இருக்க நேர்ந்தால் விளைவு கூறத் தேவையில்லை. அவ்விடத்தில் தடித்த காப்புக்கட்டை ஒன்றை ஒட்டி, அதற்குச் சிவப்பு வண்ணம் பூசுவது வழக்கம். காப்புக்கட்டையைப் பசையால் மட்டுமே ஒட்ட வேண்டும். ரம்பம் செல்லும் வழியில் ஆணியோ திருகாணியோ இருத்தல் ஆகாது.

பள்ளமிட்ட தாங்குபலகை முறை

இம்முறையில் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றின் விளிம்பில் ஆப்பின் வடிவிலேயே ஒரு பள்ளம் வெட்டப்படும். தாங்குபலகை வழிகாட்டிச் சட்டத்தை ஒட்டி ஓடும். ரம்பத்தட்டு அதன் விளிம்பை உரசாமல் உரசிச் செல்லுமாறு சட்டம் நிறுத்தப்படும். மூலத்துண்டின் விளிம்பைப் பள்ளத்தில் பொருத்தித் தள்ளினால், பள்ளத்துள் அடங்கிய பகுதி ஆப்பாக அறுபட்டு அங்கேயே தங்கும். தடித்த முனைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தின் தோள் ஆப்பைத் தன்னுடன் முன்னே கொண்டுசெல்கின்றது. பள்ளத்தின் மேல் மெல்லிய ஒட்டுப்பலகை மூடி ஒன்றை அறைந்துவிட்டால் ஆப்பு மேலெழவும் இயலாது.

இங்கு ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் துண்டின் முன்பின் முனைகளை மாற்ற வேண்டும். இல்லையெனில் ஒவ்வோர் ஆப்பிலும் இழை மேலும் மேலும் கோணலாகி, நான்கைந்து ஆப்புகளுக்குப் பின் குறுக்கிழையாகவே ஆகிவிடும்.

பழைய தச்சு நூல்களிலும் இதழ்களிலும் இம்முறையே பெரிதும் காணப்படுகின்றது. செய்வதற்கு எளிது, வெட்டும் விரைவு. ஆயினும் மூலத்துண்டு தாங்குபலகைக்கு வெளியே, ரம்பத்தட்டின் மறுபுறத்தில் நீட்டிக்கொண்டு நிற்பதால், அதனைப் பிடிக்கும் கை ரம்பத்துக்கு அருகில் வரும். துண்டு குறையக் குறைய கையும் நெருங்கும். அரை அடிக்கு மேல் அகலமுள்ள துண்டுகளுக்கு மட்டும் இதனைக் கொள்ளலாம். மற்றவற்றுக்குச் சறுக்குப்பலகையே தக்கது.

பிற காப்புகள்

ரம்பத்தட்டின் பற்கள் மரத்தின் மேற்பரப்பைச் சற்றே தாண்டும் உயரத்தில் நின்றால் போதும். கண்ணாடியும் செவிக்காப்பும் அணிய வேண்டும். கையுறை அணியலாகாது, அதன் நூலைப் பற்கள் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். நீண்ட கைச்சட்டையின் மணிக்கட்டுப் பகுதியும் தொங்கும் துணியும் அவ்வாறே. ரம்பத்தட்டின் நேர்கோட்டில் நில்லாமல் சற்று விலகி நிற்பது பின்னுதைப்பிலிருந்து காக்கும். மரத்தூளைப் புற்றுநோய்க் காரணி எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. எனவே மூக்கு மூடியும் தேவை.

தோல் பட்டவுடன் ரம்பத்தட்டை நிறுத்திவிடும் பொறிகளும் உள்ளன. அமெரிக்கரான ஸ்டீபன் காஸ் 1999 ஆம் ஆண்டு உருவாக்கிய இத்தொழில்நுட்பம் சாஸ்டாப் என்னும் பெயரில் 2004 முதல் விற்பனைக்கு வந்தது. ரம்பத்தட்டில் செலுத்தப்படும் சிறு மின்குறிப்பு மனித உடல் பட்டதும் மாறுகின்றது. உடனே அலுமினியக் கட்டை ஒன்று பற்களின் மீது பாய்ந்து, சில மில்லிநொடிகளில் தட்டை நிறுத்துகின்றது. அதன்பின் அக்கட்டையையும், பெரும்பாலும் தட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். இது விரலைக் காப்பதில் மிகச் சிறந்தது. எனினும் எறியப்படும் ஆப்பு விரல் அன்று. பின்னுதைப்பை இக்கருவி தடுப்பதில்லை என்பதால், மேலே சொன்ன முறைகள் இப்பொறிகளுக்கும் உரியனவே.

மாற்று வழிகள்

இரண்டு மூன்று ஆப்புகளே தேவை எனின் மேசை ரம்பத்தை இயக்காமல் இருப்பதே அறிவுடைமை. சறுக்குப்பலகை செய்து, கோணலைச் சரிபார்த்து, அளவுக்கட்டை வைப்பதற்குள் நுண்பல் கைரம்பத்தால் அறுத்து, உளியால் சீவி முடித்துவிடலாம். நேர் இழையுள்ள மரத்தை உளியால் பிளந்தெடுத்த ஆப்பு அறுத்ததைக் காட்டிலும் வலிமையானதும் ஆகும். இழை எங்கும் வெட்டுப்படாததே காரணம்.

பட்டை ரம்பம் உள்ள பட்டறையில் அதுவே முதல் தேர்வாக வேண்டும். அதன் பற்கள் எப்போதும் கீழ்நோக்கியே செல்வதால் துண்டு மேசையோடு அழுத்தப்படுகின்றதே அன்றி எறியப்படுவதில்லை. வெட்டுத்தடமும் குறுகியது என்பதால் மரமும் மிச்சம். விரலுக்கான இடர் அங்கும் உண்டு. மேற்பரப்பு சற்றுக் கரடாக இருக்கும் என்பது ஒரு குறையன்று. ஆப்புக்கு உராய்வு வேண்டியதே.

பொருத்துதல்

துளையை ஊடுருவி மறுபுறம் வரும் கழுந்தில் ஆப்பு அடிக்க, கழுந்தின் முனையில் முதலில் ரம்பத்தால் பிளவு இடவேண்டும். அப்பிளவின் அடியில் சிறு துளை ஒன்று இட்டால் கழுந்து மேலும் பிளந்து செல்லாது. ஆப்பு விரிக்கும் திசை, துளையுள்ள மரத்தின் இழை ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்காக விரித்தால் அம்மரமே பிளந்துவிடும். வின்ட்சர் நாற்காலிகளின் இருக்கையில் கால்களின் ஆப்புகள் எல்லாம் இருக்கையின் இழைக்குக் குறுக்கே கோடிட்டது போல் நிற்பதை இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

கோடரி, சுத்தியல் ஆகியவற்றின் தலையில் உள்ள துளை மேற்புறம் சற்று அகன்றிருக்கும். ஆப்பு இறங்கும்போது கைப்பிடியின் முனை விரிந்து அந்த அகலத்தை நிரப்புவதால், தலை மேல்நோக்கிக் கழல இயலாது. துளை கடக்காமல் உள்ளேயே முடியும் கழுந்துக்கு மறை ஆப்பு உண்டு. ஆப்பைப் பிளவில் செருகிக் கழுந்தைத் துளையுள் அடிக்க, துளையின் அடிப்பகுதி ஆப்பை உள்ளே தள்ளிக் கழுந்தை விரிக்கும். இது ஒருமுறை இறங்கினால் திரும்ப வராது. ஆப்பு சற்று நீளமாகிவிட்டால் இணைப்பு பாதியில் நின்றுவிடும் என்பதால் அளவில் மிகுந்த கவனம் வேண்டும்.

வெளியே தெரியும் ஆப்பைச் சிறு சுத்தியலால் அளவான அடிகளில் இறக்க வேண்டும். இரண்டு ஆப்புகள் இருப்பின் மாறிமாறி அடிப்பது முறை. தொடக்கத்தில் மந்தமாக எழும் ஒலி, ஆப்பு இறுகியதும் கணீரென்று மாறும். அவ்வொலி வந்தபின் மேலும் அடித்தால் ஆப்பின் தலை நசுங்கும், அல்லது துளையுள்ள மரம் விரிசல் விடும். பசை காய்ந்தபின் வெளியே நீட்டிய பகுதியைக் கைரம்பத்தால் அறுத்து, உளியால் மட்டமாகச் சீவிவிடுவர்.